கெட்டுப்போனால் கைதட்டும் அக்கா

கெட்டுப்போன சாமான் வேண்டும் என்று கேட்டு என் கடைக்கு வந்த ஒரே ஆள் அவர்தான்.

மலேசியாவில், கெடா மாநிலத்துக் குருணில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் கடைவரிசையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் கெட்டதைக் கொடுத்து நல்லதை வாங்கிப் போகிறவர்கள். அந்த அம்மாள் ஒரு மதியம் உள்ளே வந்து, மேசைக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியைக் குனிந்து பார்த்து, "தம்பி, ரோசாக் ஆன கம்ப்யூட்டர் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். நம் ஊரில் கெட்டுப்போன எதுவும் ரோசாக்தான், கார் முதல் கல்யாணம் வரை.

"நல்லதே இருக்குக்கா. செகண்ட் ஹேண்ட். நேத்துதான் வந்துச்சு."

"நல்லது வேணாம் லா. நல்லத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

பழைய இரும்பு லாரிக்காரனுக்குக் கொடுக்கலாம் என்று ஒதுக்கிவைத்திருந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டினேன். உயிர் போய் வெகுகாலம் ஆன பெட்டி. அதைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், பக்கத்து மூடியைக் கழற்றி உள்ளே ஊதினார். ஒரு பல்லி வெளியே ஓடியது. "வீடா வச்சிருந்துச்சு பாரு" என்று பல்லியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பைத்தியமோ என்று நினைத்தேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்தான் சொன்னார், அவர் கூலிம் ஹைடெக் பூங்காவில் கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தொழிற்சாலையில் இஞ்சினியராக இருந்தவர், ஐம்பது வயதாகும் முன்பே வேலையை விட்டுவிட்டு எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில் வசிக்கிறார் என்று.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைப் பத்தி எழுதறத விட்டா உனக்கு வேற வேலையே இல்லையா?" என்பார். வேலை என்கிற சொல்லை அவர் கெட்டவார்த்தையைப் போலத்தான் சொல்லுவார்.

முதன்முதலாக அவர் கைதட்டியதை நான் பார்த்தது, ஒரு கேபிள் கொடுக்க அவர் வீட்டுக்குப் போன வெள்ளிக்கிழமை. கெடாவில் வெள்ளிக்கிழமைதானே விடுமுறை. பின்பக்க ஸ்டோர் அறை முழுக்க பழைய கம்ப்யூட்டர்கள். தொப்பை வைத்த திரைகள், மஞ்சள் பூத்த விசைப்பலகைகள், அவற்றுக்கு நடுவில் ஒரு அரிசி மூட்டை. நான் கொண்டுபோன கேபிளை மாட்டிப் பெட்டி ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்தார். அது ஒரு நிமிடம் நன்றாக உறுமியது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம், ஒரு சுருள் புகை, வீடு முழுக்க இருட்டு.

நான் பதறிப்போய்க் கதவைப் பார்த்தேன். அவரோ இரண்டு கையையும் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி தட்டினார். "ஹை! போச்சு!"

கூடத்திலிருந்து அவர் கணவரின் குரல் வந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். "ட்ரிப் ஆயிருச்சா? சரி சரி, அவளுக்கு இன்னிக்கு நல்ல நாளு."

"என்னக்கா, கெட்டுப்போனதுக்கா கைதட்டுறீங்க?" என்றேன்.

"நின்னா நிக்கட்டுமே தம்பி. யாரு அழப்போறா?"

இதுதான் அவருடைய மந்திரம். நின்னா நிக்கட்டுமே, யாரு அழப்போறா. குக்கரில் விசில் வராவிட்டாலும் இதைத்தான் சொல்லுவார். அவர் கணவருடைய வேன் நடுரோட்டில் நின்றபோதும் இதையே சொல்ல, வேனுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாம் நிஜமாகவே அழுதார்களாம். அன்று மட்டும் கணவர் அவரோடு ராத்திரிச் சாப்பாடு வரை பேசவில்லை.

காரணம் எனக்குப் போகப்போகத்தான் விளங்கியது. தொழிற்சாலையில் சில்லுகளைச் சோதிக்கிற இயந்திரங்களுக்கு அவர் பொறுப்பு. இயந்திரம் நின்றால் வரிசை முழுக்க நிற்கும். வரிசை நின்றால் அவர் கைப்பேசி அடிக்கும். அது குளியலறையிலும் அடிக்கும், கல்யாண வீட்டிலும் அடிக்கும். மகளுடைய முதல் நற்கருணைப் பூசையில், பிள்ளை வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு பீடத்தை நோக்கி நடக்கும்போது அடித்திருக்கிறது. பாதிப் பூசையில் எழுந்து ஓடியவர், திரும்பி வந்தபோது கோயிலில் கூட்டிப் பெருக்குகிற பெண் மட்டும்தான் இருந்தாள். அன்று எடுத்த படம் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அப்பா, மகள், ஃபாதர், இடது பக்கம் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார், அதுவும் சிரித்துக்கொண்டே. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒருநாள் கம்பெனி, விருப்பப்பட்டவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று கூட்டம் போட்டுச் சொன்னது. எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்க, இவர் கையைத் தூக்கியிருக்கிறார். "எங்க மேனேஜர், டாய்லெட் போகத்தான் கேக்குறேன்னு நெனச்சு, போயிட்டு வாங்கன்னுட்டாரு. போனேன். வரவே இல்ல." அங்கிருந்து அவர் கொண்டுவந்தது இரண்டு: ஒரு நினைவுக் கடிகாரம், ஒரு வயிற்றுப் புண். கடிகாரத்தை முதல் வாரமே கழற்றி அதன் முள்ளைப் பின்பக்கமாக ஓடவிட்டார். வயிற்றுப் புண்ணுக்குச் சப்புகிற வெள்ளை மாத்திரை மட்டும் கொஞ்ச காலம் கைப்பையில் இருந்தது. அப்புறம் அது எங்கே போனதென்று அவருக்கே மறந்துவிட்டது.

கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உருப்படியாக ஒன்றுகூடச் செய்யமாட்டார். தாமானில் எத்தனையோ பேர் பிரிண்டரையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்குப் போய்ப் பார்த்தார்கள். "கடைத்தெருவுல தம்பி இருக்காரு, அவருகிட்ட போங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டு, உள்ளே போய் எழுதிக்கொண்டிருந்த விளையாட்டைத் தொடர்வார்.

அந்த விளையாட்டையும் சொல்ல வேண்டும். திரையில் ஒரு ஃபேக்டரி பஸ். தோட்டத்து வாசல்களில் ஆள் ஏற்றிக்கொண்டு குருண் வழியாகக் கூலிமுக்குப் போகும். வழியில் மாடுகள் படுத்திருக்கும், செம்பனைக் குலை ஏற்றிய லாரி சாய்ந்து கிடக்கும், டயர் வெடிக்கும். நான் ஒரு மதியம் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். மாட்டைத் தாண்டி, லாரியைத் தாண்டி, கூலிம் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். சங்கு ஊதியது. திரையில் பெரிய எழுத்தில் 'ஐயோ பாவம்' என்று வந்தது.

"என்னக்கா இது! கொண்டுபோய்ச் சேத்துட்டேனே!"

"அதான் தோத்துட்ட. பஸ்ஸு நடுவழியில நிக்கணும் தம்பி. அப்பதான் ஜெயிப்பு."

மறுபடி ஓட்டி, வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கினேன். பஸ் நின்றது. குட்டிக் குட்டி மனிதர்கள் இறங்கினார்கள். ஒருத்தி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒருத்தன் மரத்தடியில் படுத்துவிட்டான். இரண்டு பேர் எதற்கோ சண்டை போட்டார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினார். அதற்கு மேல் அந்த விளையாட்டில் ஒன்றுமில்லை, அவர்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்தச் சமயம் சாலை விளக்குப் பக்கம் இன்னொரு பழுதுபார்க்கும் கடை வந்தது. கண்ணாடிக் கதவு, ஏர்கண்டிஷன், சீருடை போட்ட பையன்கள். என்னால் திரை மாற்ற முடியும், பேட்டரி மாற்ற முடியும். உள்ளே சர்க்யூட் பலகையில் கோளாறு என்றால் கைவிரிப்பேன். அந்தப் பலகையைப் பார்வையாலேயே படிக்கிற ஆள் என் கடைக்குப் பின்னாலேயே சும்மா உட்கார்ந்திருக்கிறார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்களே என்று என் மனைவி தினமும் குத்தினாள். அக்கா கடைக்கு வந்தால் கடை பிழைக்கும், இல்லாவிட்டால் கண்ணாடிக் கதவு என்னை விழுங்கிவிடும். எனக்கு அது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம்பி ஆரம்பித்தேன். கூட்டு சேரலாம் என்றேன். காலையில் மட்டும் வாருங்கள் என்றேன். வராவிட்டாலும் பரவாயில்லை, பலகையை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, காப்பி கொடுத்து அனுப்பினார். ஒருநாள்தான் பதில் சொன்னார்.

"கடையில வந்து உக்காந்தா, கெட்டுப்போறப்ப நான் கைதட்ட முடியாது தம்பி."

"அவ்வளவுதானாக்கா காரணம்?"

"அவ்வளவுதான். வேற என்ன வேணும்?"

நேர்வழி சரிப்படாது என்று தெரிந்ததும் சுற்றுவழிக்குப் போனேன். அவர் பிறந்த தோட்டத்தில் ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது. வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்குக் குடில் போட்டி வைப்பார்கள். நான் முருகன் படம் மாட்டிக் கடை நடத்துகிறவன் என்றாலும், ஊர் பார்க்கிற இடத்தில் ஒரு விளம்பரம் கிடைத்தால் விடலாமா? கம்ப்யூட்டரில் ஓடுகிற குடில் ஒன்று செய்யுங்கள், ஊரே பார்க்கும், கீழே என் கடைப் பெயரைச் சின்னதாக ஒட்டிக்கொள்கிறேன் என்றேன். நாலு பேர் புகழ்ந்தால் மனம் மாறாதா என்று ஒரு கணக்கு. வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டேன்.

குடில் அற்புதமாகத்தான் வந்தது. என்னிடம் வாங்கிய அந்தப் பல்லிப் பெட்டியைத்தான் எழுப்பி உட்காரவைத்திருந்தார். மாடு தலையாட்டியது, விண்மீன் கண் சிமிட்டியது. பாலன் இயேசுவுக்குத்தான் அவர் மூளையை முழுசாகச் செலவழித்திருந்தார். சிடி போடுகிற தட்டு இருக்கிறதே, அதில் வைக்கோல் பரப்பி, சொரூபத்தைப் படுக்கவைத்திருந்தார். கிறிஸ்துமஸ் பிறக்கும் வரை பாலன் படுக்கும் முன்னணை காலியாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த நேரம் வந்ததும் தட்டு தானாக வெளியே வரும். அதற்குப் பிறகு மூன்று ராஜாக்கள் திருநாள் வரை ஜனவரியிலும் குடில் இருக்குமே, அதனால் டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன்பு மூடியிரு, மற்ற நாளில் திறந்திரு என்று எழுதிவைத்திருந்தார்.

எனக்கு ஒரே ஒரு கவலை. அந்தப் பெட்டிக்குள் கடிகாரத்துக்கென்று ஒரு பொத்தான் பேட்டரி உண்டு. அது செத்திருந்தது. மின்சாரம் போய் வந்தால் பெட்டிக்குத் தேதி மறந்துவிடும்.

"பேட்டரிய மாத்திருங்கக்கா. எங்கிட்ட டப்பா நெறைய இருக்கு."

"மறந்தா மறக்கட்டுமே. ஒவ்வொரு தடவ எந்திரிக்கிறப்பவும் ஜனவரி ஒன்னாந்தேதின்னு நெனச்சுக்குது. நமக்கு அந்தக் குடுப்பின உண்டா சொல்லு?"

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால், சாயங்காலம், ஃபாதரும் உபதேசியாரும் குடில்களைப் பார்த்து மதிப்பெண் போட வந்தார்கள். ஃபாதர் எங்கள் குடிலின் முன் குனிந்தார். அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்குப் பின்னால் யாரோ தண்ணீர் கொதிக்கவைக்க மின்கேத்தலைப் போட, விளக்கெல்லாம் போய் மறுபடி வந்தது. பெட்டி கண்விழித்தது. அதன் கணக்கில் அது ஜனவரி முதல் தேதி. கிறிஸ்துமஸ் எப்போதோ முடிந்துவிட்டது.

'கிர்ர்' என்ற சத்தத்தோடு பாலன் வெளியே வந்து ஃபாதரின் மூக்கில் முட்டினார்.

"ஆண்டவரே! இன்னும் நாள் இருக்கே!" என்றார் ஃபாதர்.

உபதேசியார் ஒழுங்கு தவறாத மனிதர். ஒற்றை விரலால் தட்டை உள்ளே தள்ளினார். அது போன மாதிரி போய்த் திரும்ப வந்தது. மறுபடி தள்ளினார். மறுபடி வந்தது. "உள்ள போங்க சாமி" என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் என் கடைப் பெயர். பழுது நீக்கித் தரப்படும் என்று வேறு போட்டிருந்தேன். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

கைதட்டல் கேட்டது. யார் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஹை! வந்துட்டாரு!" அவரைப் பார்த்துப் பிள்ளைகளும் தட்ட, ஃபாதரும் மூக்கைத் தடவிக்கொண்டே தட்டினார். பரிசு வேறு குடிலுக்குப் போனது. திருநாள் முடியும் வரை பிள்ளைகள் கூட்டம் எங்கள் குடில் முன்னால்தான் இருந்தது, மின்கேத்தலைப் போட்டுப் போட்டு அணைத்தபடி.

கடைக்கு அதனால் ஒரு ஆள்கூடக் கூடுதலாக வரவில்லை.

அடுத்த தீபாவளி நெருக்கத்தில் எனக்கு டெங்கி வந்தது. சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். கடை மேசையில் திறந்தும் திறக்காமலும் வாடிக்கையாளர்களின் கைப்பேசிகள். திருநாள் வருகிறது, எல்லோருக்கும் அவசரம். என் மனைவி கடை வாசலில் நின்று எல்லோரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, அக்கா வந்து சாவியை வாங்கிக்கொண்டாராம்.

மனைவி வந்து சொன்னபோது, காய்ச்சலோடு காய்ச்சலாக எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் கெஞ்சி வராதவர், கொசு கடித்து வந்துவிட்டார். படுத்தபடியே புதுப் பெயர்ப்பலகைக்கு நிறம்கூட யோசித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கடைக்குத்தான் போனேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி, உள்ளே பார்த்தேன். கடையில் கூட்டம். அக்கா என் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். தலைமுடியை இறுக்கக் கட்டியிருந்தார். மேசையில் கைப்பேசிகள் வரிசை பிசகாமல் இருந்தன. ஏதோ ஒரு கைப்பேசி மணியடித்தது. அவர் உடம்பு தூக்கிப்போட்டது.

நான் உள்ளே நுழையும்போது ஒரு அம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "நேத்து சரின்னு குடுத்தீங்க, இன்னிக்கு மறுபடி கறுப்பாயிருச்சு! என்ன செஞ்சீங்க?" வீட்டில் என்றால் அந்தக் கறுத்த திரைக்கு ஒரு கைதட்டல் கிடைத்திருக்கும். இங்கே அக்கா, "சாரிம்மா, இப்பவே பாக்குறேன், ஒரு நிமிசம்" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஒரு கை திருப்புளியைத் தேடியது. இன்னொரு கை வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தது. மேசை ஓரத்தில், பாதி தீர்ந்துபோன அட்டையில், அந்த வெள்ளை மாத்திரை.

அங்கேயே நின்றுவிட்டேன். காய்ச்சல் பலவீனம் என்று பொய் சொல்லமாட்டேன். நான் ஆசைப்பட்டதெல்லாம் அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது; அதில் நான் அறிந்த அக்கா மட்டும் இல்லை.

"அக்கா, போதும். வீட்டுக்குப் போங்க."

"இன்னும் கொஞ்சம் இருக்கு தம்பி. முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

"நிக்கட்டும்க்கா. யாரு அழப்போறா?"

"ஏன், நான் அழுவேன் லா!" என்றார் கறுப்புத் திரை அம்மா.

அக்கா என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு வயிற்றிலிருந்து கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கவேயில்லை. திருப்புளியை என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அதன்பிறகு கூட்டு என்ற பேச்சை நான் எடுத்ததே இல்லை. பலகைக் கோளாறுகளைக் கண்ணாடிக் கதவுக்காரர்களிடம் நானே அனுப்பிவிடுகிறேன். உறையும் கண்ணாடியும் விற்று, திரை மாற்றிக்கொடுத்து, கடை பழையபடி சின்னதாக ஓடிக்கொண்டிருக்கிறது. மனைவி இன்றைக்கும் நெய்யை ஞாபகப்படுத்துவாள்.

பிறகு சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அக்காவும் கணவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே போனார்கள். போவதற்கு முன்னால் அந்தப் பல்லிப் பெட்டியை, குடிலோடு, என் கடையில் கொண்டுவந்து இறக்கினார்.

"பிள்ள பாத்துக்கப் போறதும் வேலதானேக்கா?" என்று சீண்டினேன்.

"இல்ல தம்பி. அவ பூசையில பாதியில எந்திரிச்சுப் போனேன்ல, மீதியப் பாக்கப் போறேன்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். நானும்தான்.

குடில் இப்போது முருகன் படத்துக்குப் பக்கத்து அலமாரியில் வருஷம் முழுக்க இருக்கிறது. எப்போது மின்சாரம் போய் வந்தாலும் பெட்டிக்கு ஜனவரி பிறந்துவிடும், தட்டு ஒருமுறை உள்ளே போய், பாலன் மறுபடி வெளியே வந்துவிடுவார். வாடிக்கையாளர்கள் திடுக்கிடுகிறார்கள். ஒரு பேட்டரிதானே, மாற்றித் தொலையுங்களேன் என்கிறாள் மனைவி. டப்பா நிறைய இருக்கிறது. நான் மாற்றவில்லை.

போன வாரம் அக்கா வீடியோவில் அழைத்தார். பேரன் நடக்கப் பழகுகிறானாம். பாரு என்று தரையில் நிறுத்திவிட்டு விலகினார். அவன் தள்ளாடித் தள்ளாடி இரண்டு எட்டு வைத்தான். பொத்தென்று விழுந்தான். உதடு பிதுங்கியது, அழ ஒரு மூச்சு இழுத்தான்.

திரைக்கு வெளியிலிருந்து சத்தம் வந்தது. "ஹை! போச்சு!"

பையன் இழுத்த மூச்சை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே, இரண்டு கையையும் தாடைக்குக் கீழே வைத்துத் தட்டினான். கடையில் ஆள் நிற்பதை மறந்து நானும் தட்டினேன்.